வாசலில் மூன்றாவது கம்பம்

போன வாரம் மண்டியில் வேலை செய்கிற நீங்கள் ஐந்து பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். மண்டி வாசலில் இரண்டு கட்சிக் கொடிதான் இருக்கிறது, இரண்டு பேரும் பெண்களைக் கண்டுகொள்வதில்லை, மூன்றாவதாக ஒன்று வைத்தால் ஏதாவது நடக்குமா என்று கேட்டீர்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பதில் சொல்லவில்லை. எனக்கு உடனே பேச வராது.

"இன்னாக்கா, ஒண்ணுமே சொல்லாம அனுப்புற?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள்.

எழுதித் தருகிறேன் என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் எழுத வரும். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

நான் மண்டிக்குப் போனபோது மெஷின் இல்லை. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்கிற நம் மல்லாட்டை எல்லாம் சுற்று வட்டாரத்தில் இருந்து மாட்டு வண்டியில் வரும். மண்ணும் கல்லும் தூசியுமாக வரும். அதைச் சலித்துக் கொடுப்பது பெண்கள் வேலை. மூன்று மூங்கிலை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் கயிற்றில் பெரிய கம்பிச் சல்லடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தி தள்ள வேண்டும், எதிரில் இருப்பவள் இழுக்க வேண்டும். காலையில் இருந்து சாயங்காலம் வரை அதுதான். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்போம். எதிரில் இருப்பவளின் கண் மட்டும்தான் தெரியும்.

என் எதிரில் இருந்தவள் அஞ்சலை. அடி அண்ணாமலையில் இருந்து நடந்து வருவாள். என் வயதுதான். முதல் நாள் என்னைப் பார்த்து, "இழுக்கச் சொன்னா இழு, தொங்காத. ஊஞ்சலா ஆட வந்த?" என்று கேட்டாள். அப்படித்தான் பழக்கம் ஆனது. என் வீட்டுக்காரர் முகத்தைவிட அவள் கண்ணைத்தான் நான் ஜாஸ்தி பார்த்தேன். அவளுக்குத் தலைவலி என்றால் எனக்குத் தெரியும். சிரிக்கிறாள் என்றால் தெரியும். வாய் தெரிய வேண்டியதில்லை.

அப்போது ஒரு பழக்கம் இருந்தது. சல்லடையில் யார் எந்தப் பக்கம் என்பது மாறாது. அதற்கு 'இடம்' என்று பெயர். இடம் இருப்பவளுக்குப் பருவம் முடியும்வரை வேலை உண்டு. இடம் இல்லாதவர்கள் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களை வாசல் ஆள் என்போம். யாராவது வராவிட்டால் மேஸ்திரி வாசலில் இருந்து ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்துவார். இடம் உள்ளவள் ஒரு வாரம் வராவிட்டால் அந்த இடம் வாசல் ஆளுக்குப் போய்விடும். எதற்காக வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். காய்ச்சல் வந்தாலும் அதேதான். பிள்ளை பெற்றாலும் அதேதான்.

அஞ்சலை முதல் பிள்ளை பெற்ற ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டாள். சல்லடைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் தூளி கட்டினாள். தூசி எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. பொங்கலுக்கு முன்னால் போய்விட்டது. தூசியால் என்று நான் சொல்லவில்லை. அவளும் ஒரு நாளும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் வந்து சல்லடையைப் பிடித்தாள். நான் தள்ளினேன், அவள் இழுத்தாள்.

அப்போது வாசலில் ஒரே கொடிதான். மூட்டை தூக்கும் ஆண்கள் எல்லாரும் அந்தச் சங்கம்தான்.

பிறகு கட்சி இரண்டானது. சண்டை மெட்ராஸில். ஆனால் கொஞ்ச நாளிலேயே இங்கே வாசலுக்கு மேற்குப் பக்கம் இன்னொரு கம்பம் வந்துவிட்டது. பழைய கம்பம் கிழக்குப் பக்கம். அதனால் கிழக்கு, மேற்கு என்றே பேர் ஆகிவிட்டது. இரண்டுக்கும் இரண்டு மேஸ்திரி. எதிரே இருந்த டீக்கடையில் ஒரு பெஞ்சு இருந்தது. இரண்டு பெஞ்சு ஆனது. மண்டிக் களத்தை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். பெண்களை யாரும் கேட்கவில்லை. புருஷன் எந்தக் கொடியோ அந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் கிழக்கு. அஞ்சலை வீட்டுக்காரர் மேற்கு. ஒரு திங்கட்கிழமை போனேன். என் எதிரில் வேறு ஒருத்தி நின்றாள்.

களத்தின் அந்தக் கோடியில் அஞ்சலையின் புடவை தெரியும். அவ்வளவுதான்.

இரண்டு கொடி வந்ததில் முதலில் நல்லது நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். கிழக்கு மேஸ்திரி முதலாளிகளிடம் பேசி ஆண்கள் உட்கார ஒரு கொட்டகை வாங்கினார். உடனே மேற்கு மேஸ்திரி பேசி ஒரு தண்ணீர்த் தொட்டி கட்ட வைத்தார். ஒருத்தர் கூலியைக் கொஞ்சம் ஏற்றினால் இன்னொருத்தரும் கொஞ்சம் ஏற்றுவார். போட்டி இருந்தால் நல்லதுதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

இரண்டு மூன்று வருஷத்தில் அது நின்றுவிட்டது. இரண்டு மேஸ்திரிகளுக்கும் ஒன்று புரிந்துவிட்டது. நிறையச் செய்ய வேண்டியதில்லை. அடுத்தவன் செய்வதற்குக் குறையாமல் இருந்தால் போதும். அவனும் செய்யவில்லை என்றால் நிம்மதி. ஆட்கள் எங்கே போய்விடுவார்கள்? இதை விட்டால் அது, அதை விட்டால் இது.

அஞ்சலை மறுபடியும் உண்டானாள். முதல் பிள்ளை போய் அத்தனை வருஷம் கழித்து. மூன்றாம் மாதத்திலேயே மேற்கு மேஸ்திரியிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, புள்ள பெத்தவளுக்கு மூணு மாசம் இடம் நிக்கணும்ணே. வாசல் ஆள வச்சிக்கோங்க. அவ வந்ததும் இடத்தக் குடுத்துடணும். அவ்ளோதான் கேக்கறேன்."

"அது பொம்பளைங்க சமாச்சாரம் தங்கச்சி. சங்கத்துல எப்படிப் பேசறது? சிரிப்பானுங்க."

"கிழக்குல பேசினாங்கன்னா?"

"அவனுங்க மொதல்ல பேசட்டும். அப்பால நாங்க உட்டுடுவோமா?"

அவள் எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான் கிழக்கு மேஸ்திரியிடம் போய் அதையே கேட்டேன். அவர் சொன்னார்: "மேற்குல மொதல்ல ஒத்துக்கட்டும்மா."

கொட்டகைக்குப் பின்னால் முகம் கழுவ ஒரு தொட்டி இருந்தது. அது மட்டும்தான் இரண்டு பக்கத்துப் பெண்களுக்கும் பொது. அங்கே அஞ்சலையைப் பார்த்துச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒரே பதிலச் சொல்றாங்க. கூடிப் பேசி வச்சிகினாங்களா?" என்றாள்.

"பேசிக்கவே மாட்டாங்களே."

"பேசாமலே எவ்ளோ ஒத்துமையா இருக்கானுங்க பாரு."

சிரித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "இந்தத் தடவ நான் தூளி கட்ட மாட்டேன் பூங்கா."

என் பேர் பூங்காவனம். அவள் மட்டும் அப்படிக் கூப்பிடுவாள்.

பஸ் நிலையம் பக்கம் ஒரு டெய்லர் இருந்தார். ஒரு சின்னக் கட்சிக்கு இந்த ஊரில் அவர்தான் எல்லாம். அந்தக் கட்சியில் மொத்தம் எட்டுப் பேர், டெய்லர் பெண்டாட்டியையும் சேர்த்து, என்று கேலி பேசுவார்கள். நல்ல மனுஷன். அஞ்சலை அவரிடம் போனாள். பெண்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கிறோம், கொடி கொடுங்கள் என்றாள். கொடி இல்லாமல் போனால் முதலாளிகள் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும்.

டெய்லர் டீக்கடைக்கே வந்துவிட்டார். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்று பேசினார்.

"ஊர்ல ரெண்டே கடைதான்னா அவனுங்க சொல்றதுதான் வெல. மூணாவது கடை வந்தா ரெண்டு பேரும் எறங்கி வருவானுங்க."

கிழக்கு பெஞ்சில் இருந்து ஒருத்தர் சொன்னார்: "மூணாவது கடைக்காரனும் ரெண்டு மாசம் கழிச்சு இவனுங்க கிட்டயே சரக்கு வாங்குவான் பாரு."

மேற்கு பெஞ்சில் இருந்து ஒருத்தர்: "அவன் சொல்றது கரெக்ட்டு." அந்த இரண்டு பெஞ்சும் ஒத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, "யாருனா வாங்க, எவ்ளோ பேருனா வாங்க. மூணாவது பெஞ்சு போட மட்டும் எனக்கு எடமில்ல" என்றார்.

இடம் இல்லாதது எங்களுக்கும்தான். கம்பத்தை எங்கே நடுவது? கிழக்குப் பக்கம் நட்டால் கிழக்கு ஆள் என்பார்கள். மேற்குப் பக்கம் நட்டால் மேற்கு. நாங்கள் ரொம்ப யோசித்து வாசலுக்கு நடுவில் நட்டோம். யார் பக்கமும் இல்லை என்று காட்ட அதுதான் சரி என்று நினைத்தோம். பள்ளம் தோண்டினோம், கல் போட்டு இடித்தோம், கொடி ஏற்றினோம். எல்லாம் பெண்கள். களமே நின்று வேடிக்கை பார்த்தது.

மறுநாள் காலையில் வண்டிகள் வந்தபோதுதான் தெரிந்தது. அந்த இடத்தில்தான் வண்டி திரும்பும். வருஷக் கணக்காக அந்த வாசலில் நிற்கிறோம். ஒருத்திக்கும் தோன்றவில்லை. நாங்கள் வண்டி ஓட்டியவர்கள் இல்லையே.

கீழ்பென்னாத்தூர் வண்டி ஒன்று வந்து கம்பத்துக்கு முன்னால் நின்றது. மாடு தலையை ஆட்டியது.

"யாரும்மா இங்க நட்டது? வண்டி எப்படித் திரும்பும்?"

"கொஞ்சம் சுத்தி வாங்கண்ணா" என்றாள் அஞ்சலை.

"எவ்ளோ சுத்தறது? இப்படியே போயி மலையையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தாள். ஆனால் கம்பத்தை எடுக்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் எங்களில் ஒருத்தி போய் மாட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். திட்டு வாங்கிக்கொண்டே திருப்பினோம்.

வீடுகளிலும் திட்டுதான். மல்லிகா என்று ஒருத்தி இருந்தாள். வாய்த் துடுக்கு. கொடி வேண்டும் என்று முதலில் ஓடி வந்தவள் அவள்தான். அவள் புருஷன் அவளை அடித்தான். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து, "அவன் கைதான் வலிக்குதாம். எண்ணெய் தேய்ச்சு உட்டுட்டு வந்தேன்" என்றாள். என் வீட்டுக்காரர் அடிக்கிறவர் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். முன்னாலும் அவர் நிறையப் பேசியதில்லை. அதனால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது கொடி வந்ததில் எனக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. இப்போது நாங்கள் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. யாரோடு வேண்டுமானாலும் நிற்கலாம். அஞ்சலை களத்தின் அந்தக் கோடியில் இருந்து நடந்து வந்தாள். என் சல்லடையின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள். வாயில் துணியைக் கட்டினாள்.

"தொங்காத" என்றாள்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நான் இன்னும் நினைக்கிறேன். மழை விட்ட காலை. மலை கழுவிவிட்டது மாதிரி தெரியும். அவள் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. அதனால் அவள் கொஞ்சம் தள்ளி நின்று கையை நீட்டிப் பிடிப்பாள். நான் அவள் பங்கையும் சேர்த்துத் தள்ளுவேன். அவளுக்குத் தெரியும். நடுவில் தூசி எழும்பும். தூசிக்கு அந்தப் பக்கம் அவள் கண். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே தொட்டியில் முகம் கழுவுவோம். இதில் பெரிய விஷயம் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு காலம் எனக்கு இல்லை.

தீபம் முடிந்ததும் கூலிப் பேச்சு வரும். வருஷத்துக்கு ஒரு தடவை. யார் பக்கம் ஆள் ஜாஸ்தியோ அவர்களோடுதான் முதலாளிகள் பேசுவார்கள். அந்த மேஸ்திரிதான் அந்த வருஷம் பெரியவர். இப்போது பெண்கள் வெளியே வந்துவிட்டதால் கிழக்கும் மேற்கும் ஏறக்குறைய சமம். நாங்கள் எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். நாங்கள் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. அப்படி வந்து அமைந்துவிட்டது.

பேச்சுக்கு முந்தின நாள் அமாவாசை. மண்டி லீவு. அஞ்சலை வீட்டில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். டெய்லரும் இருந்தார். அவளுக்கு அப்போது நிறை மாதம். சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள்.

முதலில் கிழக்கு மேஸ்திரி வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அத்தனை வருஷத்தில் அவர் அடி அண்ணாமலைக்கு வந்ததே இல்லை.

"நீங்க கொடிய வச்சிக்கோங்க, நாங்க தடுக்கல. நாளைக்கு எங்க பக்கம் நில்லுங்க. இடம் நிக்கிற விஷயத்த அடுத்த வருஷப் பேச்சுல மொதல் விஷயமா வைக்கிறோம்."

"அடுத்த வருஷமாண்ணே?" என்றாள் அஞ்சலை.

"ஒரே நாள்ல எல்லாம் ஆவுமாம்மா?"

அவர் போய்ச் சற்று நேரத்தில் மேற்கு மேஸ்திரி வந்தார். அவர் கையில் ஆரஞ்சு.

"நாளைக்கே முதலாளி முன்னால சொல்ல வைக்கிறேன். புள்ள பெத்தவளுக்கு மூணு மாசம் இடம் நிக்கும். நாளையில இருந்தே. ஆனா அந்தக் கம்பம் இருக்கக் கூடாது. வண்டி திரும்ப முடியல. நீங்க எங்க கொடிக்குக் கீழ வந்துடுங்க."

"வண்டிக்காகவா சொல்றீங்க?" என்றாள் மல்லிகா.

"வண்டிக்காகத்தான்" என்றார். சிரிக்கவில்லை.

அவரும் போனார். வீட்டுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டெய்லர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ரெண்டு பேர் கிட்டயும் போவாதீங்க. தனியா நில்லுங்க. இந்த வருஷம் ஒண்ணும் வராது. ஆனா கொடி நிக்கும். அடுத்த வருஷம் வாசல் ஆளுங்களும் வருவாங்க. அப்பால நாமளே பெரிய ஆளு. இப்ப கொடிய எறக்கினா இனிமே யாரும் நம்பி ஏத்த மாட்டாங்க."

மல்லிகா சொன்னாள்: "அவரு சொல்றதுதான் சரி. நான் அடி வாங்கினது கொடிக்கு. மேற்கு மேஸ்திரிக்கு இல்ல."

அது நியாயம்தான். எனக்கு அப்போதே தெரியும் அது நியாயம் என்று.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு பூங்கா."

நான் சொன்னேன்: "டெய்லர் அண்ணன் சொல்றது அடுத்த வருஷம். உனக்கு இந்த மாசம்."

இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அவள் வயிற்றில் கை வைத்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு மட்டும்னா நான் யோசிப்பேன். இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் புள்ள பெறப் போறவங்கதான். எறக்கிடலாம்."

பாதிப் பேர் எழுந்து போனார்கள். மல்லிகாவும் போனாள். வாழைப்பழமும் ஆரஞ்சும் அப்படியே கிடந்தன.

மறுநாள் காலையில் அஞ்சலையே கயிற்றை அவிழ்த்தாள். நான் செய்கிறேன் என்றேன். "நான் ஏத்தினது" என்றாள். கொடியை மடித்து டெய்லர் கையில் கொடுத்தாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கட்சி வளர உடமாட்டேங்கறீங்களே தங்கச்சி."

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா" என்றாள்.

மேற்கு ஆட்கள் கம்பத்தைப் பிடுங்கினார்கள். பள்ளத்தை மூடினார்கள். வண்டிகள் திரும்பின. பகல் பதினொரு மணி வாக்கில் முதலாளியின் கணக்குப்பிள்ளை களத்தின் நடுவில் நின்று உரக்கச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதம் இடம் நிற்கும். அடுத்த வாரமே கிழக்கு மேஸ்திரியும் தன் பக்கம் திரும்பி வந்த பெண்களுக்கு அதையே அறிவித்தார். எங்கே எல்லாரும் மேற்குக்குப் போய்விடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தை அவருக்குள் போட்டது அந்தக் கம்பம்தான்.

அன்றைக்கு வீட்டில் என் வீட்டுக்காரர் பேச்சை ஆரம்பித்தார். "உங்களால நாங்க தோத்தோம்."

"ஆமா."

"சோறு போடு" என்றார். அத்தோடு முடிந்தது.

மண்டியில் முடியவில்லை. "வயித்துக்காகக் கொடிய வித்துட்டா" என்று மல்லிகா சொன்னாள். ஒருத்தி சொன்னாள், பிறகு பத்துப் பேர் சொன்னார்கள். மேற்கு மேஸ்திரி அஞ்சலை வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பினார் என்றார்கள். நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவள். அங்கே மூட்டை எதுவும் இல்லை. சொன்னேன். நான் அவள் கூட்டாளி, அப்படித்தான் சொல்வேன் என்றார்கள்.

அஞ்சலைக்குப் பெண் பிறந்தது. நல்ல எடை. நான் போய்ப் பார்த்தேன். பிள்ளையைக் கையில் கொடுத்து, "அழுவறா பாரு, எவ்ளோ சத்தம்" என்றாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பெருமை. மண்டியில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். அவளிடம் மறைக்க முடியாது. ஆனாலும் மேலே கேட்கவில்லை.

மூன்று மாதமும் அவள் இடத்தில் வாசல் ஆள் நின்றாள். சொன்ன சொல்படி மேற்கு மேஸ்திரி இடத்தை வைத்திருந்தார். அஞ்சலை வந்தாள். பிள்ளையை அவள் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தாள். தூளி கட்டவில்லை.

அவள் வாசலில் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"வாங்க தலைவரம்மா" என்றாள் மல்லிகா. "எந்த மேஸ்திரி வூட்ல நாஸ்டா?"

யாரோ சிரித்தார்கள்.

"வாயக் கட்டிகினு சலிடி, தூசி உள்ள போவும்" என்றேன். மல்லிகா என்னைப் பார்த்துத் துப்பினாள்.

அஞ்சலை என் எதிரில் வந்து நின்றாள். துணியைக் கட்டிக்கொண்டாள். இழுத்தாள். மதியம் நானும் அவளும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் அவள் தொட்டிக்குப் போனபோது அங்கே இருந்தவர்கள் முகம் கழுவாமலே நகர்ந்து போனார்கள். அந்தப் பெண்களில் மூன்று பேர் அப்போது முழுகாமல் இருந்தவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அவள் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினாள். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் கழுவினாள்.

"வர்றேன் பூங்கா" என்றாள்.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முடிந்ததும் அடி அண்ணாமலைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்களாம். பிள்ளையையும் எடுத்துக்கொண்டு. எந்தப் பகுதி என்று அவளுக்குத் தெரியவில்லை.

மல்லிகா அடுத்த தையில் பிள்ளை பெற்றாள். மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் இடம் இருந்தது. அன்றைக்கு என்னிடம் வந்து நின்றாள். என்னவோ சொல்ல நினைத்தாள். நான் சலித்துக்கொண்டிருந்தேன். போய்விட்டாள்.

டெய்லர் கட்சி அடுத்த எலெக்‌ஷனில் கிழக்குக் கட்சியோடு சேர்ந்தது. பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இரண்டு கட்சிக் கொடியையும் குவியலாகப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். "வயித்துப் பொழப்பும்மா" என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

இதுதான் நடந்தது. இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

மூன்றாவது கொடி வைக்கலாமா? வையுங்கள். இரண்டு பேர் மட்டும் இருந்தவரை எத்தனையோ தடவை கேட்டும் கிடைக்காதது, மூன்றாவது கம்பம் நின்ற சில மாதத்தில் கிடைத்தது. நீங்கள் பிள்ளை பெற்று வந்து உங்கள் இடத்தில் நிற்கிறீர்களே, அது அப்படி வந்ததுதான். நாலாவது வைத்தால் இன்னும் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது மூன்று வரைக்கும்தான்.

ஆனால் ஒன்று. மூன்றாவதாக நிற்பவர்களிடம் ஒரு நாள் வந்து கேட்பார்கள். இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் வா என்று. அன்றைக்கு உங்களில் ஒருத்தி முடிவு சொல்ல வேண்டியிருக்கும். யோசிக்க ஒரு நாள்கூட இருக்காது. அவள் கொடியை இறக்கினாலும் பாதிப் பேருக்கு ஆகாது, இறக்காவிட்டாலும் பாதிப் பேருக்கு ஆகாது. சண்டை போடுங்கள். முகத்துக்கு நேரே திட்டுங்கள். மறுநாள் மதியம் அவளைக் கூப்பிட்டு உங்களோடு உட்கார வைத்துச் சாப்பிடுங்கள். கம்பம் எங்கே நடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேசி வைக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் பல வருஷம் அதே சல்லடையில் நின்றேன். எதிர்ப் பக்கத்துக்கு நிரந்தரமாக ஒருத்தியைப் போட்டுவிடலாம் என்று மேற்கு மேஸ்திரி பருவத்துக்குப் பருவம் கேட்பார். "ஆள் வருவா" என்பேன். அவர் வாசலில் இருந்து அன்றன்றைக்கு ஒருத்தியை அனுப்புவார். பௌர்ணமிக்குப் பெங்களூர் பஸ் நிறைய வர ஆரம்பித்த காலம் அது. மண்டி முடிந்ததும் செங்கம் ரோட்டில் போய் நிற்பேன். மலை சுற்ற வருகிறவர்களைப் பார்ப்பேன். முகத்தை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பார்ப்பேன்.

பிறகு என் தோள் போய்விட்டது. வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். யாரை உன் இடத்தில் போடட்டும் என்று மேஸ்திரி கேட்டார். ஒரு பேர் சொன்னேன்.

"எதிர்ப் பக்கம்?" என்றார்.

இந்தத் தடவை நான் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டேன். அவர் வாசலில் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

போகும்போது நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இழுத்தாள்.